ஒட்டும் பக்கம்

ஜூலை 15, செவ்வாய்

இந்த டைரி ஜனவரியில் சிமென்ட் கடையில் ஓசியாகக் கொடுத்தது. ஆறு மாதமாகப் பிரைமர் டப்பாவுக்கு மூடியாக இருந்தது. இன்று சகலை அதைத் துடைத்து என் கையில் திணித்தார்.

"ஒவ்வொரு டிப்புக்கும் எழுதி வையிய்யா. தண்ணி சூடு, ஊறுன நேரம், கதவு, ஃபேன், எல்லாத்தையும். அப்பத்தான் தப்பு எங்கன்னு தெரியும்."

தப்பு நடந்தால்தானே தெரிவதற்கு என்றேன். "வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல" என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சகலை என்றால் காசிமாயன். அவர் கட்டியது அக்கா லோகநாயகியை, நான் கட்டியது தங்கை தமயந்தியை. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர், முப்பது கிலோ கனத்தவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். நான்கு வருடம் முன்பு சேர்ந்து புதூரில் இந்த ஷெட்டைப் பிடித்தோம். கார் உள்பாகங்களுக்கும் பக்கக் கண்ணாடி மூடிகளுக்கும் மரம் மாதிரி, கருங்கல் மாதிரி, புலித்தோல் மாதிரி அச்சு ஏற்றுகிற வேலை. உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், கடைசிப் பளபளப்பு எல்லாம் வாசலில் அவர். பின்னறையில் தொட்டி வேலை நான்.

என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரு தடவை எழுதிவிடுகிறேன். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். அதன்மேல் அச்சடித்த ஃபிலிமை மிதக்க விடவேண்டும். அறுபது எண்ணவேண்டும். பிறகு ஆக்டிவேட்டர் மருந்தை அதன்மேல் ஸ்பிரே செய்தால் ஃபிலிம் உருகி வெறும் மையாக மிதக்கும். பாகத்தைச் சாய்த்து மெல்ல உள்ளே முக்கினால் மை போய்ச் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும், அதுதான் ஒரு டிப். சூட்சுமம் ஒன்றுதான். ஃபிலிமின் ஒட்டும் பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்கவேண்டும். ஈர விரலால் இரண்டு பக்கமும் தொட்டால் ஒரு பக்கம் விரலைப் பிடிக்கும். அது கீழே. மாற்றிப் போட்டால் அச்சு ஒட்டாமல் சளி மாதிரி வழிந்துவிடும். நான்கு வருடத்தில் நான் மாற்றிப் போட்டதில்லை.

இன்று இரண்டு கண்ணாடி மூடிகள். தண்ணீர் முப்பது டிகிரி. ஊறல் அறுபது. கதவு: திறந்திருந்தது. ஃபேன்: ஓடியது. சுத்தம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்றும் பிறந்தது. வாசல் கதவு வழியாக வந்து தொட்டியைத் தடவிவிட்டுப் பின்சுவரில் இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகப் போகிறது. ஃபிலிம் கசங்கிக் கசங்கி, புலித்தோலுக்குப் பதில் சொறிநாய்த்தோல் வந்தது. புழுதி வேறு.

மத்தியானம் ஒரு யோசனை தோன்றியது. பின்னறைக் கதவை உள்ளே தாழ் போட்டேன். ஃபேனை அணைத்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. மூன்று டிப்பும் பிரமாதம். முகமூடி போட்டால் மூக்குக்கண்ணாடி பனித்துப்போகிறது, முகமூடியையும் கழற்றிவிட்டேன்.

சகலைக்குக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஃபேன ஏன்யா அணைச்ச?" என்றார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது முதலில் பாராட்டிவிட்டுப் பிறகு குறை சொல்லியிருக்கிறார் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

எபனேசர் வந்தார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண்ணை ஏற்றிப் போகிற பழைய நீளக் கார் வைத்திருப்பவர். ஆடியில் கல்யாணம் கிடையாது, கார் சும்மா நிற்கிறது, அதற்குள் உள்ளே முழுக்க ஈட்டி மரம் மாதிரி வேண்டுமாம். எட்டு பாகங்கள். ஆகஸ்ட் இருபது முதல் முகூர்த்தம். எட்டாவது, டேஷ்போர்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிற நீளப் பட்டை. "இது ஒடைஞ்சா ஒலகத்துல வேற கெடையாது பிரதர்" என்று அதைக் கைக்குழந்தை மாதிரி நீட்டினார்.

கதவு: தாழ். ஃபேன்: அணைத்தேன். சாயங்காலம் நெற்றிப்பொட்டில் கொஞ்சம் தலைவலி. வெயில்.

ஜூலை 20, ஞாயிறு

லீவு. தலைவலி இல்லை. கறிச்சோறு இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

மறுபடி தலைவலி. எபனேசரின் கைப்பிடி மூடி ஒன்றை முக்கப்போகிற நேரம், தாழ் போட மறந்திருக்கிறேன் போலிருக்கிறது, சகலை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். காற்று வந்தது. ஃபிலிம் மடிந்தது.

"சகலை, வேல நடக்குறப்ப ஏன் வர்றீங்க?"

"என்னய்யா இது, உள்ள வந்தா கண்ணு எரியுது! ஃபேனப் போடு."

"எனக்கு எரியலையே."

"ஒனக்கு வாடையே தெரியலையா?"

தெரியவில்லை. பழகியவனுக்கு எப்படித் தெரியும்? சாக்கடைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டா திரிகிறார். சொன்னேன். சிரிக்காமல் போய்விட்டார்.

ஜூலை 23, புதன்

தெர்மாமீட்டரைக் காணோம். ஒன்றரை மணி நேரம் தேடினேன். கடைசியில் என் டிபன் கேரியரில், மூன்றாவது அடுக்கில், தயிர்சோற்றுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. சகலை வயிறு குலுங்கச் சிரித்தார். "சோறு எத்தன டிகிரிய்யா?"

வேறு யார் வைத்திருப்பார்கள்? ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விளையாட்டுக்கும் ஒரு அளவு வேண்டாமா.

எண்ணுவதில் ஒரு குழப்பம். நாற்பதுக்குப் பிறகு ஐம்பதா, மறுபடி முப்பதா என்று நின்றுவிட்டேன். ஃபிலிம் அளவுக்கு மேல் ஊறி நார் நாராகப் போனது. தூக்கம் போதவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கடை அரை நாள். குழம்பில் உப்பே இல்லை என்று தமயந்தியிடம் கத்தினேன். அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உப்பு ஜாடியை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். போட்டுக்கொண்டேன். அப்போதும் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எபனேசரின் கியர் மூடிக்கு ஃபிலிம் போட்டேன். முக்கினேன். வெளியே எடுத்தால் ஈட்டி மரம் மொத்தமும் வழிந்து தொட்டிக்குள் விழுந்தது. ஒட்டும் பக்கம் மேலே இருந்திருக்கிறது. நான்கு வருடத்தில் முதல் தடவை.

விரலால் தொட்டுப் பார்த்துத்தான் போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. இந்தத் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது. ஃபிலிமை வெட்டி அலமாரியில் அடுக்கி வைத்தது நேற்று. அடுக்கியபடி எடுத்தேன். இடையில் யாராவது திருப்பி வைத்தால் ஒழிய மாறாது.

கதவு: தாழ். ஃபேன்: அணைத்தேன். தண்ணீர் முப்பது.

ஜூலை 26, சனி

மறுபடி அதே. இதுவும் வழிந்தது.

ஜூலை 28, திங்கள்

நேற்று நன்றாக இருந்தேன். இன்று பத்து மணிக்கே மண்டைக்குள் யாரோ பஞ்சு அடைத்துவிட்டார்கள்.

டீக்கடையில் சகலையும் எபனேசரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. எபனேசர் என் தோளைத் தட்டி, "ஒடம்பப் பாத்துக்குங்க பிரதர்" என்றார். என் உடம்புக்கு என்ன? சகலை டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைத் தனியாகப் பிடித்து வேலையைத் தனியாக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரோ. அப்படி நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நினைத்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று ஒரு கண்ணி வைத்தேன். ஃபிலிம் ரோலின் அட்டையிலேயே போட்டிருக்கிறது, வெளிப்பக்கம் ஒட்டாத பக்கம், உள்பக்கம் ஒட்டும் பக்கம் என்று. அதைப் படித்துப் பார்த்து, ஆறு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒட்டும் பக்கத்தின் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி இருக்கிற பக்கம் கீழே போகவேண்டும். சகலைக்குத் தெரியாது. நாளைக்குப் பார்க்கிறேன்.

ஜூலை 30, புதன்

அகப்பட்டுக்கொண்டார்.

அலமாரியைத் திறந்தேன். நான் நேற்றுப் புள்ளி வைத்தது ஒட்டாத பக்கத்தில். அதனால் புள்ளி மேலே தெரியும்படி தண்ணீரில் போட்டேன். கச்சிதமாக அறுபது எண்ணினேன். முக்கினேன். வழிந்தது. இரண்டாவது துண்டு. வழிந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நான் வைத்த புள்ளியை அழித்துவிட்டு மறுபக்கம் வைத்திருக்கிறார். ஆறிலும்! உட்கார்ந்து, பொறுமையாக!

மனுஷன் வாசலில் உட்கார்ந்து, வாயில் பாட்டு, கையில் உப்புத்தாள். ஒன்றும் தெரியாத முகம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சகலை புதிதாக ஒரு முகமூடி வாங்கி வந்து பின்னறை ஆணியில் மாட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையாக வடிகட்டி வைத்தது. "இதப் போடுய்யா, கண்ணாடி பனிக்காது. ஃபேனும் போடு. காத்துக்கு அச்சுல அல விழுந்தா விழட்டும், தேச்சுட்டுத் திரும்ப அடிப்போம்" என்றார்.

மாட்டுக்கு வாய்க்கூடு போடுவது மாதிரி எனக்கு வாங்கி வந்திருக்கிறார். அலை விழட்டுமாம். விழவேண்டும் என்பதுதானே ஆசை. அது அந்த ஆணியிலேயே தொங்கட்டும்.

"ஏங்க, அந்தப் புள்ளி கதைய இப்பத்தான சொன்னீங்க" என்கிறாள் தமயந்தி. நான் முன்னால் சொல்லவே இல்லை, இப்போதுதான் ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வைகையில் கணுக்கால் தண்ணீர். இரண்டு குடும்பமும் படித்துறையில் உட்கார்ந்தோம். லோகநாயகி புளியோதரையும் தேங்காய்ச் சோறும், தமயந்தி எலுமிச்சைச் சோறும் கொண்டுவந்திருந்தார்கள். அக்காவும் தங்கையும் ஒரே தூக்கிலிருந்து மாற்றி மாற்றி ஊட்டிக்கொண்டு சிரித்தார்கள். சகலை எனக்கு அப்பளத்தை உடைத்துக் கொடுத்தார். அந்த அப்பளம்தான் என்னை என்னவோ செய்தது.

"சகலை, ஃபிலிம ஏன் திருப்பி வெக்கிறீங்க?" என்றேன்.

"எந்த ஃபிலிமு?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. புள்ளி வெச்சுப் பாத்துட்டேன். எம்பேரக் கெடுத்துட்டு எபனேசரு வேலைய ஒத்தையாப் பாக்கலாம்னுதான?"

தமயந்தி, "ஏங்க!" என்று என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். தெர்மாமீட்டரையும் சொன்னேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததையும் சொன்னேன். வாய்க்கூட்டையும் சொன்னேன். சத்தம் கூடிவிட்டது, பக்கத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

சகலை சாப்பிடுவதை நிறுத்தினார். இலையை மடித்தார். ஆற்றில் கையைக் கழுவினார். இடுப்பிலிருந்து ஷெட் சாவியை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் படியேறினார். லோகநாயகி தூக்கைக்கூட எடுக்காமல் பின்னாலேயே போனாள்.

நான் சொன்னது சரிதான். சரியாக இருந்தால் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஷெட்டில் நான் மட்டும். தேய்ப்பு நானே, பிரைமர் நானே. எபனேசரின் ஏழு சின்ன பாகங்களில் மூன்றுதான் ஒழுங்காக இருக்கின்றன. கதவு: தாழ். ஃபேன்: அணைத்தேன். தள்ளிக்கொண்டு வர ஆள் இல்லை. ஆனாலும் இரண்டு வழிந்தன.

அது எப்படி?

ஆகஸ்ட் 5, புதன்

தமயந்தி செவ்வாய் என்கிறாள். காலண்டரும் செவ்வாய் என்கிறது. இருக்கட்டும்.

அக்கா போனை எடுக்கவில்லையாம். காலையிலிருந்து பதினோரு தடவை அடித்திருக்கிறாள். "ஒங்க தொட்டிக்காக எங்கக்காவ விட்டுட்டு நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே அழுதாள். என்ன பதில் சொல்வது? வீட்டில் இருந்தால் தலை தெளிகிறது, ஷெட்டுக்குப் போனால் குழம்புகிறது, சகலை வந்து போகிறாரோ என்னவோ. பூட்டை மாற்றினேன்.

ஆகஸ்ட் 6

கல் மாதிரி இருந்த ஆள். அப்பளத்தை உடைத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை பதினொன்று. சின்ன பாகங்கள் ஏழில் ஆறு முடிந்தது போலத்தான் இருக்கிறது. இன்று நீளப் பட்டை. உலகத்தில் வேறு கிடையாது. தண்ணீர் முப்பது. கதவு: தாழ். ஃபேன்: அணைத்தேன். மருந்தைக் கூடுதலாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன், நீளம் அதிகமல்லவா. இரண்டு தடவை ஃபிலிம் மடிந்து வீணானது, மருந்தும் வீணானது, இது மூன்றாவது. எண்ணிக்கை தவறாமல் இருக்க டைரியைத் தொட்டி விளிம்பில் வைத்து எழுதிக்கொண்டே எண்ணுகிறேன். பத்து. இருபது. முப்பது. இருபது. முப்ப

ஆகஸ்ட் 7

இது சோணைமுத்து எழுதலை. காசிமாயன் எழுதுறேன். எழுதி வைக்கச் சொன்னவன் நான்தான், அதனால.

என் தேய்ப்புக்கட்டையை எடுக்க வந்தேன். மணி பதினொன்றரை. வாசலில் புதுப் பூட்டு தொங்குது, பூட்டலை. பின்னறை உள்ளே தாழ். கூப்பிட்டேன். சத்தம் இல்லை. வாடை கதவுக்கு வெளியே வரைக்கும். தோளால் இடிச்சேன். ஆள் தொட்டிக்குப் பக்கத்தில் கீழே. ஒரு கை தண்ணிக்குள்ள. மூச்சு இருந்துச்சு. தூக்கி வாசலில் வேப்பமரத்துக்கடியில் போட்டேன். கண்ணைத் திறந்து, "எத்தனை வரைக்கும் எண்ணுனேன்?"னு கேட்டான்.

தண்ணி சூடு: பாக்கலை. ஃபேன்: போட்டேன். கதவு: இப்ப கதவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீட்டில். நான்கு நாள் ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் விரல் நுனிகளில் ஊசியால் மெல்லக் குத்தி, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். சில இடத்தில் தெரிந்தது. சில இடத்தில், கேட்கிறாரே என்பதற்காகத் தெரிகிறது என்றேன். கண்டுபிடித்துவிட்டார்.

"வேல செய்ற எடத்துல காத்தோட்டம் இருக்கா?"

"எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு சார்."

"ஓடுதா?"

நான் தமயந்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். டாக்டர் தெரிந்துகொண்டார். அந்த மருந்தின் ஆவிதான், மூடிய அறையில் மூன்று வாரம் குடித்திருக்கிறீர்கள் என்றார். தலைவலி, மறதி, எண்ணிக்கை தவறுவது, நாக்கில் ருசி போனது, சும்மா சும்மா கோபம் வருவது, ஆட்களைச் சந்தேகப்படுவது எல்லாம் அதிலேயே வருமாம். பெரும்பாலும் சரியாகிவிடும். விரலை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூடின அறையில் இனி நிற்கக்கூடாது.

கோபமும் அதில்தான் வருமா என்று மறுபடி கேட்டேன். ஆமாம் என்றார். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டைரியை முதலிலிருந்து படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு தமயந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன், என் கண்ணை நம்ப முடியவில்லை.

கெட்டுப்போன நாட்களில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, ஃபேன் அணைத்தேன், ஃபேன் அணைத்தேன் என்று. தலைவலி இல்லாத நாளெல்லாம் ஞாயிறு. விரல் மரத்ததை நானே எழுதியிருக்கிறேன். மரத்த விரலுக்கு ஒட்டும் பக்கம் எப்படித் தெரியும்?

ஜூலை 29 பக்கம் வந்ததும் தமயந்தி நிறுத்தினாள். "ஒட்டுற பக்கத்துல புள்ளி வெச்சேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

பக்கத்தைத் திருப்பினாள். "இங்க ஒட்டாத பக்கத்துல வெச்சேன்னு எழுதியிருக்கீங்க."

ஒரு நாள் வித்தியாசம். ஒரே பேனா. புள்ளியை யாரும் அழிக்கவில்லை, யாரும் மாற்றவில்லை. நான் வைத்த இடத்தை நானே மறந்துவிட்டு ஒரு மனிதனைச் சோற்று இலை முன்னால் உட்காரவைத்துத் திருடன் ஆக்கியிருக்கிறேன். தமயந்தி டைரியை மூடி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சகலை வீட்டுக்குப் போனேன். தமயந்தி ஆட்டோவில் கூட்டிப்போனாள். லோகநாயகி கதவைத் திறந்து, "வாங்க தம்பி" என்றாள், சிரிக்கவில்லை. தங்கையை மட்டும் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இரண்டு பேரும் அழுகிற சத்தம் கேட்டது. அது ஒன்றாவது சரியானது.

சகலை நாற்காலியைக் காட்டினார். டைரியை நீட்டினேன்.

"படிச்சுட்டேன்" என்றார். "அன்னைக்கு எழுதணும்னா முன்னாடி பக்கத்தப் பொரட்டாமயா எழுத முடியும்? இருவத்தொம்பதாந்தேதியையும் முப்பதாந்தேதியையும் பாத்தியா?"

"பாத்தேன் சகலை. தப்பு என்னோடது. ஆத்தங்கரையில நான் பேசுனது மகா தப்பு. மன்னிச்சுக்கங்க."

"மருந்து பேசுனுச்சுன்னு டாக்டரு சொன்னாராம். லோகு சொன்னா."

"வாயி என்னோடதுதான."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எபனேசருகிட்ட நின்னு பேசுனேன்ல, அது என்னன்னு கேட்டியா? சோணைக்கு ஒடம்பு சரியில்ல, என்னன்னு தெரியல, நாள் கொஞ்சம் கூடக் குடுங்கன்னு கேட்டேன். அதத்தான் நீயி..." முடிக்கவில்லை. "வலிச்சது வலிச்சதுதான்யா. அது ஒடனே போகாது."

கடைக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"வருவேன். எபனேசருக்கு வாக்குக் குடுத்தது நான். அந்த வேலைய முடிச்சுக் குடுப்பேன். அதுக்கப்பறம் அவுகவுக வழியப் பாத்துக்குவோம்."

அடுப்படியிலிருந்து காபி வந்தது. இனிப்பு லேசாகத் தெரிந்தது. அதைச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

நான் வாசலில், சகலை தொட்டியில். இடம் மாறிவிட்டது. பின்னறைக்குப் புதுக் கதவு அவரே போட்டார், உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாமல். நான் உள்ளே கால் வைக்கக்கூடாது. தேய்க்கிறேன், அவர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல டைரியில் எழுதுகிறேன். அவர் முகமூடி போட்டுக்கொண்டு சொல்வதால் முப்பது என்பது முப்பத்தி ஒன்று மாதிரி கேட்கிறது.

ஏழு சின்ன பாகங்களும் தயார். காற்றில் அலை விழுந்ததையெல்லாம் தேய்த்துத் திரும்ப அடித்தோம். கதவு: திறந்திருந்தது. ஃபேன்: ஓடியது. வேலையைத் தவிர வேறு ஒரு பேச்சும் இல்லை. முன்பெல்லாம் அரை மணிக்கு ஒரு தடவை என்னைக் கிண்டல் செய்வார். உப்புத்தாள் சத்தம் இவ்வளவு பெரியது என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்து இரண்டு நாள் ஆகியும் காற்று ஓயவில்லை. மிச்சம் நீளப் பட்டை ஒன்றுதான். காலையில் ஒரு டிப், அலை. தேய்த்தோம், காயவைத்தோம். மதியம் இரண்டாவது, அலை. ஈட்டி மர ஃபிலிம் இன்னும் ஒரே ஒரு துண்டு இருந்தது. எபனேசர் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறார்.

நாலரைக்குச் சகலை முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டுவதைப் பார்த்தேன். அது அழுத்தி அழுத்தி மூக்கில் தழும்பே விழுந்துவிட்டது. "கடேசி ஒண்ணு" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தினார். பிறகு ஃபேன் சத்தம் குறைந்து, குறைந்து, நின்றது.

நான் வாசலில் தேய்ப்புக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு டிப்தான். ஒன்றால் ஒன்றும் ஆகாது. எனக்குமே மூன்று வாரம் ஆனது. அந்தப் பட்டை நன்றாக வந்தால் எபனேசர் சந்தோஷப்படுவார், வாக்கு காப்பாற்றப்படும், வேலை முடியும். முடிந்தால் அவர் அவர் வழி, நான் என் வழி. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழம்பியது. வெளியே உட்கார்ந்தே எண்ண ஆரம்பித்தேன். பத்து. இருபது. முப்பது. இந்தத் தடவை எண் தவறவில்லை. நாற்பதில் எழுந்தேன். என்ன செய்கிறேன் என்று யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, கையை நீட்டி ஃபேன் சுவிட்சைத் தட்டினேன்.

புழுதிக் காற்று ஒன்று என்னைத் தாண்டி உள்ளே போனது. கடைசித் துண்டு ஃபிலிம் தொட்டியின் ஒரு மூலையில் சுருண்டு, கந்தல் துணியாக ஒதுங்கியது.

"யோவ்!" சகலை ஸ்பிரே துப்பாக்கியோடு திரும்பினார். "அறிவிருக்கா ஒனக்கு? கடேசித் துண்டுய்யா அது! எபனேசரு வந்துக்கிட்டிருக்காரு! ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் பொறுக்க முடியாதா?"

"முடியாது" என்றேன். "வெளிய வாங்க சகலை. கண்ணு செவந்திருக்கு."

அவர் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். தொட்டால் சிவப்பு தெரியுமா. ஆனாலும் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பத்து நிமிடம் மூச்சு வாங்கினார். முதலில் ஃபிலிம் கடைக்கு, பிறகு எபனேசருக்கு, அவரே போன் போட்டார். "ஃபிலிமுக்குச் சொல்லியாச்சு பிரதர், காலையில பார்சல் வந்துரும். நாளைக்குச் சாயங்காலம் கண்டிப்பா." அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்கவேண்டும். சகலை என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏன்னா? எஞ்சகலை கதவத் தொறந்துட்டான்."

போனை வைத்துவிட்டு, "எழுதுனியா?" என்றார்.

எழுதியதை நீட்டினேன்.

தண்ணீர்: முப்பது. ஊறல்: நாற்பது. ஃபேன்: அணைந்திருந்தது, போட்டேன். விளைவு: அலை. ஃபிலிம் வீண். காரணம்: கதவு திறந்திருந்தது. திறந்தது: நான்.

அவர் அதைப் படித்தார். முன் பக்கங்களைப் புரட்டினார். மறுபடி இந்தப் பக்கத்துக்கு வந்து, பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி, அதற்குக் கீழே தன் குண்டுக் கையெழுத்தில் ஒரு வரி எழுதி, கடைசி வார்த்தைக்கு அடியில் பக்கம் கிழிகிற மாதிரி ஒரு கோடு போட்டார்.

கதவுக்குப் பொறுப்பு: சோணைமுத்து. தினமும்.